சொற்களின் ஒப்பந்தம்: புனேயிலிருந்து பார்க்கையில் மென்பொருள் ஒருங்கிணைப்பின் வரலாறு

மென்பொருள் ஒருங்கிணைப்பின் வரலாற்றைப் பெரும்பாலும் பொறியாளர்களே எழுதியிருக்கிறார்கள். அதில் வழங்கிகளும் வலைப்பின்னல்களும் நெறிமுறைகளும் நிறைந்திருக்கும். சொற்களைப் பற்றிய பேச்சு அரிதாகவே வரும். ஆனால் தனித்தனியே எழுதப்பட்ட இரண்டு மென்பொருள்கள் ஒன்றோடொன்று உரையாடத் தொடங்கும்போது எழும் முதற் சிக்கல் மொழிச் சிக்கலே. விற்பனைப் பிரிவின் மென்பொருளில் ‘வாடிக்கையாளர்’ என்பவர் விலை கேட்டுச் சென்றவராகவும் இருக்கலாம். கணக்குப் பிரிவில் பணம் செலுத்தியவர் மட்டுமே வாடிக்கையாளர். சொல் ஒன்று, பொருள் இரண்டு. இவ்விரண்டு மென்பொருள்களையும் இணைப்பவர், அறிந்தோ அறியாமலோ, அகராதி ஆசிரியரின் வேலையைச் செய்கிறார்.

இக்கருத்தைப் புனே நகரோடு தொடர்புடைய நான்கு முயற்சிகளின் வழியே விளக்க முயல்கிறேன். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

1. சிக்கலும் அதன் கணக்கும்

ஒரு நிறுவனத்தில் 10 மென்பொருள்கள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் நேரடியாக இணைத்தால் 45 இணைப்புகள் வேண்டும். அனைத்தும் ஒரு பொது வடிவத்திற்கு உடன்பட்டால் 10 இணைப்புகள் போதும். மொழிபெயர்ப்பு ஆய்வாளர்களுக்கு இக்கணக்குப் புதிதன்று. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுக்கிடையே 231 இணைகள் உள்ளன. திசையையும் கணக்கிட்டால் 462.

பொதுவடிவம் என்னும் எண்ணம் ஒரே நாளில் பிறக்கவில்லை. 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த மாநாட்டில், தொழிற்சாலை உதிரிப்பாகங்களைப் போல மீண்டும் மீண்டும் பயன்படுத்தத்தக்க நிரற்கூறுகள் வேண்டும் என்று டக்ளஸ் மெக்கில்ராய் வாதிட்டார். 1972-இல் டேவிட் பார்னஸ், ஒவ்வொரு கூறும் தன் உள்முடிவுகளை மறைத்துக்கொண்டு இடைமுகத்தை மட்டுமே வெளிக்காட்ட வேண்டும் என்றார். 1984-இல் பிரெலும் நெல்சனும், தொலைவிலுள்ள கணினியின் செயல்முறையை அருகிலுள்ளதைப் போலவே அழைக்கும் வழியை விளக்கினர். 1991-இல் கோர்பா தரப்பாட்டின் முதற்பதிப்பு வந்தது. 1996-இல் கார்ட்னர் நிறுவன ஆய்வாளர்களின் எழுத்தில் ‘சேவைசார் கட்டமைப்பு’ என்னும் பெயர் தோன்றியது. 1998-இல் எக்ஸ்.எம்.எல்., 2000-இல் சோப், 2001-இல் சேவைகளை விவரிக்கும் டபிள்யூ.எஸ்.டி.எல். ஆகியவை தொடர்ந்து வந்தன.

இவ்வரிசையில் மொழியியலாளர் கவனிக்க வேண்டிய இடம் எக்ஸ்.எம்.எல். அதற்கு முன் பல அமைப்புகளில் செய்தியின் பொருள் இடத்தைச் சார்ந்திருந்தது: முதல் பத்து எழுத்து பெயர், அடுத்த ஆறு எழுத்து நாள் என்பதுபோல. எக்ஸ்.எம்.எல். ஒவ்வொரு தரவின்மீதும் அதன் பங்கைக் குறிக்கும் ஒட்டு ஒன்றைச் சேர்த்தது. தமிழ் மாணவருக்கு இதை விளக்குவது எளிது. ஆங்கிலத்தில் எழுவாயையும் செயப்படுபொருளையும் சொல்வரிசை காட்டுகிறது. தமிழில் வேற்றுமை உருபு காட்டுகிறது. ‘கண்ணனை முருகன் அழைத்தான்’ என்றாலும் ‘முருகன் கண்ணனை அழைத்தான்’ என்றாலும் அழைத்தவர் முருகனே. பெயர் தன் பங்கைத் தானே சுமந்து செல்கிறது. ஆனால் உருபின் பொருளை இருவரும் ஒன்றாக அறிந்திருந்தால்தான் இது நடக்கும். ஒட்டுப் போடுவது எளிது. ஒட்டின் பொருளில் உடன்படுவதே அரிது.

2. டெக்கான் கல்லூரியின் சீட்டுகள்

புனேயின் டெக்கான் கல்லூரியில் எஸ். எம். கத்ரே 1948-இல் வரலாற்று முறையிலான சமஸ்கிருதப் பேரகராதித் திட்டத்தைத் தொடங்கினார். ஏறத்தாழ 1,500 நூல்களிலிருந்து ஒரு கோடி அளவிலான சீட்டுகள் தொகுக்கப்பட்டன. அகராதியின் அச்சு வடிவம் 1976 முதல் வெளிவரத் தொடங்கியது.

கணினி இல்லாத காலத்துப் பணி அது. ஆயினும் அதன் அடிப்படை இங்கே பேசும் பொருளுக்கு நெருக்கமானது. சீட்டை எழுதுபவர் ஒருவர். பல ஆண்டுகள் கழித்து அதைப் பயன்படுத்துபவர் வேறொருவர். இருவரும் சந்திக்காமலே போகலாம். சொல், மேற்கோள், மூலம் ஆகியவை சீட்டில் ஒரே முறையில் எழுதப்பட்டிருப்பதால்தான் பின்வருபவர் அதை நம்பிப் பயன்படுத்துகிறார். மீள்பயன்பாடு என்பது முன்பின் அறியாதவர்களுக்கிடையிலான ஒப்பந்தம் என்பதை அச்சீட்டுகள் காட்டுகின்றன.

3. இஸ்கி: ஒரே அட்டவணை, பல எழுத்துகள்

1988-இல் புனேயில் சிடாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் பரம் 8000 மீக்கணினி 1991-இல் வெளிவந்து புகழ்பெற்றது. மொழித்துறைக்கு அதைவிட நீண்ட விளைவு தந்தது வேறொரு பணி. கான்பூர் ஐ.ஐ.டி.யில் உருவான ஜிஸ்ட் தொழில்நுட்பம் மோகன் தாம்பேயுடன் புனே சிடாக்கிற்கு வந்து வளர்ந்தது. அதனோடு இணைந்து வளர்ந்த இஸ்கி குறியேற்றம் 1991-இல் ஐ.எஸ். 13194 என்னும் இந்தியத் தரப்பாடாயிற்று.

இஸ்கியின் எண்ணம் துணிவானது. பிராமி வழிவந்த எழுத்துகள் அனைத்திற்கும் ஒரே குறியெண் அட்டவணை. தேவநாகரியின் ககரத்திற்கும் தமிழின் ககரத்திற்கும் வங்காளியின் ககரத்திற்கும் ஒரே எண். எழுத்துவகையை மாற்றினால் அதே தரவு வேறு எழுத்தில் தோன்றும். ஒருமுறை எழுதிய நிரல் பல மொழிகளுக்குப் பயன்படும். ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி மென்பொருள் எழுத ஆளும் பணமும் இல்லாத காலத்தில் இது பெரிய சேமிப்பு. அட்டவணையை அமைத்தவர்கள் தமிழை மறந்துவிடவில்லை. ழகரம், றகரம், னகரம், குறில் எகர ஒகரம் ஆகியவற்றிற்கு அதில் இடம் இருந்தது.

எனினும் அட்டவணையின் அடித்தளம் வர்க்க எழுத்துமுறையே. தேவநாகரியில் நான்கு ககரங்கள், தமிழில் ஒன்று. நான்கையும் தமிழில் காட்டினால் வேறுபாடு மறைந்துவிடும். தமிழிலிருந்து திரும்பிச் செல்லும்போது எது எந்தக் ககரம் என்று கணினியால் அறிய முடியாது. இஸ்கியின் 1988 வரைவை அடியொற்றியே ஒருங்குறியின் இந்திய எழுத்துப் பகுதிகள் அமைந்தன. அதன் தடத்தை இன்றும் காணலாம். ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியில் ககரத்திற்கும் ஙகரத்திற்கும் இடையே மூன்று இடங்கள் வெறுமையாக உள்ளன. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. குறியெண் வரிசைப்படி மட்டும் சொற்களை அடுக்கினால் தமிழ் அகராதி வரிசை கிடைக்காது. அதற்குத் தனி விதி எழுத வேண்டும்.

தமிழகத்தின் எதிர்வினையும் இவ்வரலாற்றின் பகுதியே. 1999-இல் தமிழக அரசு தாம், தாப் என்னும் 8-பிட்டுக் குறியேற்றங்களை ஏற்றது. 2010-இல் ஒருங்குறியோடு, ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் தரும் டேஸ் 16 முறையையும் ஏற்றது. உலகெங்கும் நிலைத்தது ஒருங்குறிதான். அதன் காரணம் தமிழுக்கு அது மிகப் பொருத்தமானது என்பதன்று. மற்ற எல்லாரும் அதற்கு உடன்பட்டனர் என்பதே. பொதுத் தரப்பாட்டின் வலிமை அதை ஏற்றவர்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. பிந்தி வருபவர் சரியான வாதத்தோடு வந்தாலும் அந்த எண்ணிக்கையை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

4. சம்பர்க்: இலக்கணமே இடைமுகம்

2000-களின் நடுப்பகுதியில் நடுவணரசின் நிதியோடு இந்திய மொழிகளுக்கிடையிலான இயந்திர மொழிபெயர்ப்புத் திட்டம் தொடங்கியது. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. முன்னின்று நடத்திய அத்திட்டத்தில் சென்னை ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், மும்பை ஐ.ஐ.டி., புனே சிடாக் முதலிய பல நிறுவனங்கள் பங்கேற்றன. விளைந்த அமைப்பின் பெயர் சம்பர்க். இலக்கு 9 மொழி இணைகள், 18 திசைகள்.

சொற்பகுப்பாய்வி ஒரு நிறுவனத்தினுடையது, சொல்வகை காட்டி மற்றொன்றினுடையது, சொல்லாக்கி வேறொன்றினுடையது. இவற்றை இணைத்தது ‘சக்தி நிலைவடிவம்’ என்னும் பொதுச் செய்தி வடிவம். அதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு வரி. முகவரி, சொல், வகை, பண்புகள் என நான்கு பத்திகள். பண்புகளின் சுருக்க வடிவில் வேர், சொல்வகை, பால், எண், இடம், வேற்றுமை நிலை, உருபு, விகுதி என எட்டு இடங்கள். தமிழ்ச் சொற்பகுப்பாய்வியை ஒருமுறை எழுதினால் தமிழ்–இந்திக்கும் தமிழ்–தெலுங்கிற்கும் அதுவே பயன்படும். சேவைசார் கட்டமைப்பின் பாடத்தை இதைவிடத் தெளிவாக ஒரு மொழியியல் மாணவருக்குக் கற்பிக்க இயலாது.

சிக்கலும் அந்த எட்டு இடங்களிலேயே இருக்கிறது. ‘அவர் வந்தார்’ என்னும் தொடரில் பால் இல்லை. மதிப்பு மட்டுமே உண்டு. இந்தி வினைமுற்றோ ஆணா பெண்ணா என்று கேட்கும். இடைமுகம் ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்பதை மட்டுமே ஏற்குமானால் தமிழ்ப் பகுப்பாய்வி பொய்தான் சொல்ல வேண்டும். ‘எதுவும் ஆகலாம்’ என்னும் மதிப்புக்கு அவ்வடிவத்தில் இடம் இருந்ததால் பகுப்பாய்வி உண்மையைச் சொல்ல முடிந்தது. முடிவெடுக்கும் பொறுப்பு அடுத்த நிலைக்குச் சென்றது. ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல இடமில்லாத இடைமுகம் நம்பத்தக்கதன்று. இதைப் பொதுவிதியாகவே கொள்ளலாம்.

5. மருத்துவப் பதிவுகள்: பொருள் பிழைத்தால் உயிர் பிழைக்காது

நான்காவது முயற்சியில்தான் இழப்பின் அளவு மாறுகிறது. இந்தியாவின் மின்னணு மருத்துவப் பதிவுத் தரப்பாடுகள் 2013-இல் வெளியாயின, 2016-இல் திருத்தப்பட்டன. 2014-இல் இந்தியா ஸ்னோமெட் சி.டி. மருத்துவக் கலைச்சொல் தொகுதியின் உறுப்பு நாடாயிற்று. இத்தரப்பாடுகளைப் பேணும் தேசிய வள மையம் அமைந்த இடம் புனே சிடாக். 2020 ஆகஸ்டு 15-இல் அறிவிக்கப்பட்ட தேசிய எண்ணிம மருத்துவத் திட்டம் ஆறு ஒன்றியப் பகுதிகளில் முன்னோட்டம் கண்டு, 2021 செப்டம்பர் 27-இல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனாக நாடெங்கும் விரிந்தது. அதன் பதிவு வடிவங்களை எழுதிய பணியும் புனே மையத்தினுடையதே.

இத்திட்டத்தில் நாடு முழுமைக்குமான ஒரே பெருங்கிடங்கு கிடையாது. பதிவு அது உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். வேறொரு மருத்துவர் கேட்டால் நோயாளியின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே அது செல்லும். நடுவிலிருக்கும் நுழைவாயில் வழிகாட்டும், பதிவைச் சேமிக்காது. செல்லும் பதிவின் வடிவம் ஃபயர் எனப்படும் பன்னாட்டுத் தரப்பாடு. மருந்துச் சீட்டு, புறநோயாளர் ஆய்வு, விடுவிப்புச் சுருக்கம், சோதனை அறிக்கை, தடுப்பூசிப் பதிவு என ஒவ்வொன்றுக்கும் தனி வார்ப்பு உண்டு. நோயாளியின் பாலினத்தைக் குறிக்குமிடத்தில் ‘அறியப்படவில்லை’ என்பதும் ஏற்கப்பட்ட மதிப்பு. நோய் முடிவைக் குறிக்குமிடத்தில் ‘உறுதிசெய்யப்பட்டது’ என்பதோடு ‘தற்காலிகமானது’, ‘மறுக்கப்பட்டது’, ‘தவறாகப் பதியப்பட்டது’ என்பனவும் உண்டு. சம்பர்க் கற்பித்த பாடம் இங்கே வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் வார்ப்பு ஒன்றாக இருப்பதால் பொருள் ஒன்றாகிவிடாது. கையெழுத்துச் சீட்டைப் படமெடுத்து, அப்படத்தை ஃபயர் உறைக்குள் வைத்து அனுப்பவும் இத்திட்டத்தில் வழி உண்டு. உறை சேர்ந்துவிடும், உள்ளே இருக்கும் மருந்தின் அளவைப் பெறும் மென்பொருளால் படிக்க முடியாது.

இரண்டாவது இடைவெளி மொழியினுடையது. தமிழ் பேசும் நோயாளி ‘மயக்கமாக இருக்கிறது’ என்கிறார். தலைசுற்றலா, நினைவிழப்பா, அசதியால் வரும் சோர்வா? ‘மயக்கம்’ இம்மூன்றையும் தழுவும். ஸ்னோமெட்டில் தலைசுற்றல் உணர்வுக்கு 404640003 என்றும், நினைவிழந்து விழுவதற்கு 271594007 என்றும் தனித்தனி எண்கள். மருத்துவர் எதைத் தேர்கிறாரோ அதுவே அடுத்த மருத்துவமனைக்குச் செல்லும். நோயாளி சொன்ன சொல் செல்லாமல் போகலாம். இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு சோதனைகளை நோக்கி நோயாளியை அனுப்பும். இங்கே வேற்றுமையைப் பிழையாக அறிவது இலக்கணப் பிழை மட்டுமன்று.

எதிர்த்திசையில் ஒரு நற்செய்தியும் உண்டு. 2024 ஜனவரி 10-இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஐ.சி.டி.-11 வகைப்பாட்டின் மரபு மருத்துவத்திற்கான இரண்டாம் கூறை வெளியிட்டது. அதன்வழி ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு சித்த மருத்துவத்தின் நோய்நிலைகளும் குறியீடு பெற்றன. வளி, அழல், ஐயம் என்னும் அடிப்படையில் நோயைப் பகுக்கும் ஒரு மரபு, தன் வேறுபாடுகளை விடாமலே பன்னாட்டு அட்டவணைக்குள் நுழைய முடியும் என்பதற்கு இது சான்று. இஸ்கியின் காலத்தில் தமிழ் பிந்தி வந்தது. இங்கே உரிய காலத்தில் வந்திருக்கிறது.

6. ஆய்வுக்குரிய பணி

மேற்கண்ட நான்கும் ஒன்றையே சொல்கின்றன. பொதுவடிவம் செலவைக் குறைக்கிறது. அதனோடு எந்த வேறுபாடு காக்கப்பட வேண்டும், எது விடப்படலாம் என்பதையும் முடிவு செய்கிறது. அம்முடிவு ஒரு குழுவின் அறையில் ஒருமுறை எடுக்கப்படுகிறது; அதன் விளைவோ பல்லாயிரம் மென்பொருள்களில் பல பத்தாண்டுகளுக்கு நீள்கிறது. ஒருங்குறியின் மூன்று வெற்றிடங்களை இனி எவராலும் மாற்ற இயலாது. மருத்துவப் பதிவுகளின் நிலை அவ்வாறன்று. அவற்றின் வார்ப்புகள் இன்னும் பதிப்புப் பதிப்பாகத் திருத்தப்பட்டு வருகின்றன.

ஆகவே மொழியியல், தமிழ்த் துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வட்டார வழக்குகளில் நோய்க்குறிகளைச் சுட்டும் சொற்களைத் தொகுப்பது நம் துறைகளில் பழகிய ஆய்வுமுறை. அத்தொகுப்பு பட்டத்திற்கான ஏட்டோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த மருத்துவக் கருத்துகளைத் தழுவுகிறது, அவற்றைப் பிரித்தறிய மருத்துவர் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பதியுங்கள். ‘மயக்கம்’, ‘இரைப்பு’, ‘படபடப்பு’, ‘எரிச்சல்’ என்னும் நான்கு சொற்களிலிருந்து தொடங்கலாம். டெக்கான் கல்லூரியின் சீட்டைப் போல, நம்மை அறியாத ஒருவர் நம்பிப் பயன்படுத்தும் வடிவில் அது இருக்கட்டும்.