டிரெசர் அறையும் டென்வர் சான்றிதழும்

1965-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு படிப்பு தொடங்கியது. லொரெட்டா ஃபோர்டு பொதுச் சுகாதாரத் தாதி. ஹென்றி சில்வர் குழந்தை மருத்துவர். கொலராடோவின் நாட்டுப்புறங்களில் குழந்தை மருத்துவர் கிடைப்பது அரிது, தாதி உண்டு. அந்தத் தாதிக்குக் குழந்தையின் காது, தொண்டை, நெஞ்சைச் சோதிக்கவும், எது சாதாரணச் சளி, எதை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தானே முடிவெடுக்கவும் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருவரும் சொல்லிக்கொடுத்தார்கள். சில மாதப் பயிற்சி, முடிவில் ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். இன்று பல நாடுகளில் முதுகலைப் பட்டமாக இருக்கும் உயர்நிலைத் தாதியர் படிப்புக்கு அதுதான் வேர்.

அதே 1965-இல் மலேசியாவிலும் ஒரு சான்றிதழுக்குச் சட்டம் வந்தது: தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம். இந்தப் பெயரைச் சொன்னால் கெடாவின் செர்டாங் பக்கம் யாருக்கும் புரியாது. டிரெசர் என்றால் புரியும்.

காராங்கான் டப்ளின் தோட்டம், பாடாங் செராய் விக்டோரியா தோட்டம் மாதிரி தெற்குக் கெடாவின் ரப்பர் தோட்டங்களில் டாக்டர் குறித்த நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் டிரெசர்தான் டாக்டர். விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் அவர் அறை வாசலில் ஆள் நிற்கும். வயிற்றை அழுத்தி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். மலேரியா என்றால் கொய்னா. பாட்டிலை நாம்தான் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். மிக்சரை ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, ஓரத்தைப் பல்பல்லாக வெட்டிய காகிதப் பட்டையைப் பாட்டிலில் ஒட்டித் தருவார். யாருக்கு லீவு, யார் பாசாங்கு என்பதும் அவர் சொல்வதுதான். அது எப்போதும் நியாயமாகவே இருந்தது என்று சொல்ல மாட்டேன். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர் தோட்டத்துத் தொரை.

டாக்டர் தூரத்தில் இருந்தார் என்பதால் பிறந்தவை இரண்டும். ஆனால் டென்வர் சான்றிதழ் பல்கலைக்கழகப் பட்டமாக உயர்ந்தது. டாக்டர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். தாதியர் பேராசிரியைகளிலேயே பலர், இது தாதி வேலையே இல்லை என்று எதிர்த்தார்கள். எதிர்ப்பு அடங்க அடங்க, சில மாதப் பயிற்சி முதுகலையாக வளர்ந்தது. (தாதிக்குச் சிறப்பு முதுகலை என்பதே புதிது அல்ல. ஹில்டகார்ட் பெப்லாவ் 1954-இலேயே ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மனநலத் தாதியருக்கு அதைத் தொடங்கியிருந்தார்.) 2002-இல் உலகத் தாதியர் பேரவை உயர்நிலைத் தாதி யார் என்று வரையறுத்து, முதுகலை இருப்பது நல்லது என்றது. 2003-இல் அந்தப் பட்டம் ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது. சிங்கப்பூர் பட்டத்தோடு நிற்கவில்லை. பதவிப் பெயரைச் சட்டத்தால் காத்தது, பட்டத்துக்குப் பிறகு மேற்பார்வையில் பணிப் பயிற்சியை வைத்தது, 2018-இல் மருந்து எழுதுவதற்கும் தனிப் பயிற்சியைத் தொடங்கியது.

டிரெசரின் சான்றிதழ் தோட்டத்தை விட்டு எங்கும் போகவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து ஜனம் கூலிமுக்கும் பட்டர்வொர்த்துக்கும் தாமானாகப் பார்த்துக் குடிபெயர்ந்தது. பார்க்க ஆளில்லாத டிரெசர் அறைகளைப் பூட்டினார்கள். அரசாங்கம் தன் பக்கத்தில் ஏற்கெனவே வேறு வழி போட்டிருந்தது. 1950களிலேயே யுனிசெஃப் உதவியோடு ஜித்ராவில் கிராமச் சுகாதாரப் பயிற்சி நடந்தது. தாயும் சேயும் தாதி, மருத்துவச்சி கைக்குப் போனார்கள். பொது நோயாளியை முதலில் பார்க்கும் வேலை, 1977-இல் தனிச் சட்டம் பெற்ற மருத்துவ உதவியாளரிடம் போனது. அவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

இன்று செர்டாங்கில் எஸ்பிஎம் முடித்த பெண் மிசியாக, அதாவது தாதியாக, வேண்டும் என்றால் மூன்று வருட டிப்ளோமா, தாதியர் வாரியப் பரீட்சை, பிறகு வார்டு. அதன் பிறகு சிறுநீரகமோ தீவிர சிகிச்சையோ பிரசவமோ எடுத்து ஒரு போஸ்ட் பேசிக் பயிற்சி. மலாயாப் பல்கலைக்கழகம் 1993-இல் பணியிலிருந்த தாதியருக்குப் பட்டப்படிப்பைத் திறந்தது, இப்போது அங்கே முதுகலையும் உண்டு. ஆனால் 1952-ஆம் ஆண்டு நஞ்சுகள் சட்டம் மருந்து எழுதும் உரிமையை மருத்துவர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர் கையில் வைத்திருக்கிறது. கால்நடை மருத்துவருக்கு இருப்பது முதுகலை முடித்த மிசிக்கு இல்லை.

கொலராடோவில் வேலை முதலில் வந்தது, பட்டம் அதைத் தொடர்ந்து ஓடியது. நம் தோட்டங்களில் வேலை இருந்தது, பட்டம் வரவே இல்லை. இப்போது பட்டம் இருக்கிறது, அதற்குரிய வேலை இல்லை. இதில் பட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கடன் வாங்கி முதுகலையில் சேரப்போகும் மிசிகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: விண்ணப்பத்துக்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். அந்தப் படிப்பு ஆய்வேட்டோடு முடிகிறதா, அல்லது ஒரு மூத்தவரின் மேற்பார்வையில் நோயாளியைச் சோதித்துப் பழகும் மணிநேரம் அதில் உண்டா? முடித்துத் திரும்பினால் உங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு பதவி இருக்கிறதா, அல்லது அதே ரோஸ்டரில் அதே ஷிப்டா? இரண்டாவதற்குப் பதிலை மேலிடத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.