எரிந்த கோப்பும் சம்பள வவுச்சரும்

பட்டாளத்தில் இருந்தவரின் பதிவேட்டில் ஒரு தேதி தப்பாக விழுந்தால் என்ன ஆகும்? பென்ஷன், வைத்தியம், பதக்கம் எல்லாமே அந்தத் தாளை நம்பித்தான். அமெரிக்காவில் இதைத் திருத்த ஒரு காலத்தில் காங்கிரஸில் தனி மசோதா கொண்டுவருவார்கள் (ஒருத்தருக்காக ஒரு சட்டம்!). 1946-இல் வந்த சட்டம் அந்த வேலையைப் படைத்துறைகளிடமே தள்ளிவிட்டது. திருத்த வாரியங்கள் வந்தன. ஆனால் தவறு என்று நிரூபிக்க வேண்டியது விண்ணப்பிப்பவர்தான்.

எதை வைத்து நிரூபிப்பது? 1973 ஜூலை 12, நள்ளிரவு தாண்டிய நேரம். செயின்ட் லூயிஸ் பக்கத்தில் இருந்த ஆவணக் காப்பகத்தின் ஆறாவது மாடி தீப்பிடித்தது. 160 முதல் 180 லட்சம் கோப்புகள் போயே போச்சு. 1912-க்கும் 1960-க்கும் நடுவில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் சாம்பல். இரண்டு உலகப் போர்கள், கொரியப் போர் எல்லாம் அதில் அடக்கம். நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை.

கைகொடுத்தது எது தெரியுமா? கணக்குத் தணிக்கை அலுவலகத்தின் கடைசிச் சம்பள வவுச்சர்! பெயர், படை எண், பணிபுரிந்த தேதிகள், எந்த விதமாக விலகினார் என்பதெல்லாம் அதில் உண்டு. ஆடிட்டிங் வகுப்பில் வவுச்சர் என்றாலே தூங்கிவிடும் ஆள் நான். இதைப் படித்தபிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஆனால் குண்டடி பட்டதை வவுச்சர் சொல்லாது. அதற்குக் கூட இருந்த சிப்பாய் சாட்சி எழுத வேண்டும், வீட்டுக்குப் போட்ட பழைய கடிதத்தைப் பரணில் தேட வேண்டும்.