தத்தா, வாழ்நாள் வளர்ப்பா? கண் தெரியாத முதிய நாய்க்கு இரண்டு வழிகள்

மீட்கப்பட்ட நாய்களில் வீடு கிடைக்காமல் கடைசிவரை காத்திருப்பது கண் தெரியாத கிழ நாய்தான். காப்பகத்துக்கு வருகிறவர்கள் முதலில் குட்டியைத் தேடுகிறார்கள். குட்டி இல்லையென்றால் துள்ளித் திரியும் இளம் நாயைக் கேட்கிறார்கள். முதுமையும் பார்வையிழப்பும் சேர்ந்த நாயைப் பார்த்தால் இரக்கப்பட்டுத் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அந்த நாயை ஒரு வீட்டில் சேர்ப்பதற்கு அமெரிக்காவில் இரண்டு அமைப்புகள் இரு வேறு வழிகளில் உழைத்துவருகின்றன. ஒன்று, கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் உள்ள 'மட்வில்'. மற்றது, டென்னசி மாநிலத்தின் மவுண்ட் ஜூலியட் என்ற ஊரில் உள்ள 'ஓல்ட் ஃபிரெண்ட்ஸ்'. இரண்டும் முதிய நாய்களுக்கென்றே தொடங்கப்பட்டவை. மட்வில், நாயைத் தத்துக் கொடுக்கிறது. ஓல்ட் ஃபிரெண்ட்ஸ், நாயின் பொறுப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, சாகும்வரை வாழ்வதற்கு அதை ஒரு குடும்பத்திடம் அனுப்புகிறது. பார்வையிழந்த முதிய நாய்க்கு இவற்றில் எது நன்மை என்று பார்ப்பதே இந்த ஒப்பாய்வின் நோக்கம்.

அளவுகோல் எது?

முதலில் நாயின் நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். வயதான நாயின் கண்ணில் நீலம் பாய்ந்தது போலத் தெரிந்தால் பார்வை போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். முதுமையில் கண்ணின் லென்ஸ் இறுகி அப்படி மங்குவது இயல்பு. அந்த நாய்க்குப் பெரும்பாலும் பார்வை இருக்கும். உண்மையான பார்வையிழப்பு கண்புரையாலும், கண் அழுத்த நோயாலும், விழித்திரைச் சிதைவாலும் வருகிறது. சர்க்கரை நோய் கண்ட நாய்களுக்குக் கண்புரை வெகு வேகமாக முற்றிவிடும். 'சார்ட்ஸ்' எனப்படும் விழித்திரை நோயில் சில நாட்களிலோ சில வாரங்களிலோ பார்வை முழுதும் போய்விடுகிறது. அதை மீட்டுத் தரும் உறுதியான சிகிச்சை இன்னும் இல்லை. கண் அழுத்த நோயில் இருட்டைவிட வலியே பெரிய கொடுமை. மருந்துக்கு அடங்காவிட்டால் மருத்துவர்கள் கண்ணையே அகற்றிவிடுகிறார்கள். அதன்பின் நாய் வலியில்லாமல் உண்டு, உறங்கி, வாலாட்டி வாழ்கிறது.

பார்வை போன நாய் திக்கற்றுப் போய்விடுவதில்லை. மனித மூக்கில் மோப்ப உணர்விகள் சுமார் 50 முதல் 60 லட்சம்; நாய் இனங்கள் பலவற்றில் அவை 20 கோடியைத் தாண்டும். மூக்காலும் காதாலும் பாதங்களாலும் அது வீட்டை மனப்பாடம் செய்துகொள்கிறது. தண்ணீர்க் கிண்ணம் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். கட்டிலையும் நாற்காலியையும் இடம் மாற்றக் கூடாது. மாடிப்படிக்கு ஒரு தடுப்பு வேண்டும். வாசலில் ஒரு மிதியடி போட்டால், காலில் பட்டதும் அது வாசல் என்று தெரிந்துகொள்ளும். தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிடாது.

ஆக, இந்த நாய்க்கு இன்றியமையாதவை இரண்டு: மாறாத இடம், தடைபடாத மருத்துவம். வீடு மாறும் ஒவ்வொரு முறையும் அது எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டும். ஒரு வேளை சொட்டு மருந்து தவறினாலும் வலி திரும்பக்கூடும். இந்த இரண்டையும் வைத்தே இரு வழிகளையும் எடைபோட வேண்டும்.

இரண்டு தொடக்கங்கள்

மட்வில்லை 2007-இல் தொடங்கியவர் ஷெரி ஃபிராங்க்ளின். சிகை அலங்காரத் தொழில் செய்துவந்த அவர், விலங்குக் காப்பகத்தில் தொண்டாற்றியபோது, வயதான ஒரே காரணத்தால் நாய்கள் ஒதுக்கப்படுவதைக் கண்டார். 7 வயதுக்கு மேற்பட்ட நாய்களைப் பொதுக் காப்பகங்களிலிருந்து மீட்கும் பணி அப்படிப் பிறந்தது. மட்வில்லில் கூண்டுகள் கிடையாது. சோபாக்களும் மெத்தைகளும் உள்ள திறந்த கூடத்தில் நாய்கள் வாழ்கின்றன. வேண்டிய சிகிச்சையைச் செய்து, ஏற்ற குடும்பத்தைப் பார்த்துத் தத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஓல்ட் ஃபிரெண்ட்ஸ் 2012-இல் உருவானது. ஜீனா, மைக்கேல் குடின் தம்பதியர் தங்கள் வீட்டில் தொடங்கிய பணி, பின்னர் செடி விற்பனை நிலையமாக இருந்த ஓர் இடத்துக்கு விரிந்தது. இங்கே வரும் நாய்களில் பெரும்பாலானவை 'வாழ்நாள் வளர்ப்பு' என்ற ஏற்பாட்டில் குடும்பங்களோடு வாழ்கின்றன. அன்றாடப் பராமரிப்பு குடும்பத்தின் கையில். மருத்துவச் செலவு நாயின் ஆயுள் முழுதும் காப்பகத்தின் கணக்கில். காப்பகத்து மருத்துவர்களிடம் நாயைக் கொண்டுவர வேண்டியிருப்பதால், வந்துபோகும் தூரத்தில் வசிப்பவர்களிடமே நாயை ஒப்படைக்கிறார்கள்.

இடம்

மாறாத இடம் என்ற அளவுகோலில் மட்வில்லின் ஒரு திட்டம் மனத்தைத் தொடுகிறது. 62 வயது நிறைந்தவர்கள் முதிய நாயைத் தத்தெடுத்தால் அவர்களுக்குத் தத்துக் கட்டணம் இல்லை. பார்வையற்ற நாய்க்கு இதைவிட நல்ல பொருத்தம் அமைவது அரிது. பெரியவர்கள் மட்டும் வசிக்கும் வீட்டில் பொருள்கள் இடம் மாறுவதில்லை. பகல் முழுதும் யாராவது இருப்பார்கள். மெதுவாக நடப்பதற்கு இருவருக்கும் மனம் இருக்கும்.

ஆனால் அந்தப் பெரியவர் நோயில் விழுந்தால் நாய் என்னாகும்? தத்தில் நாய் குடும்பத்துக்குச் சொந்தம் ஆகிவிடுவதால், அந்தக் கேள்விக்கு முதலில் குடும்பமே விடை தேட வேண்டும். வாழ்நாள் வளர்ப்பில் நாய் காப்பகத்துக்கே சொந்தம். வளர்ப்பவரால் முடியாத நாளில் அது எங்கே திரும்பும் என்பது முதல் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. கண் தெரியாத நாய் கைமாறிக் கைமாறி அலையும் ஆபத்து இதில் குறைவு.

பணம்

முதிய நாயை மறுக்கிறவர்களில் பலருக்கு அன்பு குறைவில்லை. செலவைக் கண்டு அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. சொட்டு மருந்து, இன்சுலின், ரத்தப் பரிசோதனை, பல் சிகிச்சை, எதிர்பாராத அறுவை சிகிச்சை என்று முதுமையில் செலவு வளரத்தான் செய்யும். தத்தின்போது கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது நுழைவாசலைத் திறந்துவிடுகிறது. மாதா மாதம் வரும் செலவு அப்படியே நிற்கிறது. ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது பெருஞ்சுமை. வாழ்நாள் வளர்ப்பு அந்தச் சுமையை அடியோடு இறக்கிவைக்கிறது. மனமும் இடமும் இருந்து பணம் மட்டும் இல்லாதவர்கள் இதனால் முன்வர முடிகிறது.

வேகம்

இங்கே தத்தின் கை ஓங்குகிறது. நாயைத் தத்துக் கொடுத்த அன்றோடு மட்வில்லின் செலவு பெருமளவு முடிகிறது. காலியான இடத்துக்கு அடுத்த நாய் வருகிறது. அப்படித்தான் அந்த அமைப்பால் 10,000-க்கும் மேற்பட்ட முதிய நாய்களைக் காப்பாற்ற முடிந்தது. இடமில்லாத பொதுக் காப்பகத்தில் கிழ நாய்க்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு. அங்கே வேகமே உயிர்.

ஓல்ட் ஃபிரெண்ட்ஸ் இந்த வேகத்தில் போக முடியாது. வீட்டில் சேர்ந்த ஒவ்வொரு நாயும் கடைசி மூச்சுவரை அதன் கணக்கில் இருக்கிறது. நன்கொடை குறைந்தால் புதிய நாயை ஏற்கும் வலிமையும் குறையும். தொலைவில் உள்ள நல்ல குடும்பங்களும் விடுபட்டுப் போகும். சிகிச்சை முடிவுகளைக் காப்பகத்தோடு சேர்ந்தே எடுக்க வேண்டும் என்பதும் சிலருக்கு ஒத்துவராது. நாய் முழுக்கத் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்குத் தத்தே வழி.

சந்திக்கும் இடம்

தத்தையே முதன்மையாகக் கொண்ட மட்வில், தீராத நோய் கண்ட நாய்களுக்குத் தனியாக ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அத்தகைய நாய் தன் இறுதிக் காலத்தை ஒரு குடும்பத்தோடு கழிக்கிறது. மருத்துவச் செலவை மட்வில் ஏற்கிறது. சிகிச்சைச் சுமை கனக்கும் கட்டத்தில், தத்துக் கொடுக்கும் அமைப்பும் வாழ்நாள் வளர்ப்பின் பக்கமே வந்து நிற்கிறது. இந்த ஒப்பாய்வில் எனக்கு மிகத் தெளிவான சான்றாகப் படுவது இதுதான்.

என் முடிவு

பார்வை மட்டும் போய், மற்றபடி வலியும் நோயும் இல்லாத முதிய நாய்க்குத் தத்து போதும். வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பொறுமைசாலி ஒருவர் கிடைத்தால் அது நிறைவாக வாழும். பார்வையிழப்போடு சர்க்கரை நோயோ கண் அழுத்தமோ பிற தொடர் நோயோ இருக்கும் நாய்க்கு வாழ்நாள் வளர்ப்பே சிறந்தது. முதுமையில் இரண்டாம் வகை நாய்களே மிகுதி என்பதால், பொதுவாக என் சார்பு ஓல்ட் ஃபிரெண்ட்ஸின் வழிக்கே.

அந்த வழிக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை என்பதால் நம் ஊருக்கும் அது பொருந்தும். சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1959-இல் தொடங்கப்பட்டது. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மீட்கும் கைகளும் சட்டமும் நமக்கு நெடுங்காலமாக இருக்கின்றன. குறைவாக இருப்பது, மீட்ட பின் வரும் செலவைப் பலர் சேர்ந்து தாங்கும் ஏற்பாடு. ஒரு வீடு இடம் கொடுக்க, அதே தெருவின் நான்கு வீடுகள் மருந்துச் செலவைப் பகிர்ந்துகொண்டால் ஒரு கிழ நாயின் கடைசி ஆண்டுகள் நல்லபடியாகக் கழியும்.

உங்கள் வீட்டில் இடம் இருந்தால் அருகிலுள்ள காப்பகத்துக்குப் போய், கண் தெரியாத முதிய நாய் இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள். இடம் இல்லையென்றால், அப்படி ஒரு நாயை வளர்க்க முன்வருபவரிடம் அதன் மருந்துச் செலவு என்னுடையது என்று சொல்லுங்கள்.