பைக் சக்கரத்தில் விடாப்பிடி அழுக்கு: எதைப் போட்டால் போகும், எதைப் போடக் கூடாது?

பெங்களூருவின் பீன்யா பக்கம் தினமும் பைக்கில் போய்வருபவரா நீங்கள்? பின்சக்கரத்தின் ரிம்மை ஒருமுறை விரலால் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டும். சோப்புத் தண்ணீர் போட்டால் பாதி போகும். மீதி அசையாது.

அப்போதுதான் பக்கத்தில் இருப்பவர் சொல்வார்: "ஆசிட் ஊத்துங்க, ரெண்டு நிமிஷத்துல பளிச்னு ஆயிடும்." ஆகும்தான். ஆனால் அழுக்கோடு சேர்ந்து சக்கரத்தின் மேல்பூச்சும் போய்விடும்.

சக்கரத்தில் என்னதான் ஒட்டியிருக்கிறது?

பார்க்க ஒரே கறுப்பாகத் தெரிந்தாலும், அது நான்கு வகை அழுக்கு.

முதலாவது, சாலைத் தூசியும் சேறும். இது தண்ணீருக்குப் போய்விடும்.

இரண்டாவது, செயின் கிரீஸ். செயின் சுற்றும்போது தெறிக்கும் எண்ணெய் ரிம்மில் விழுந்து, தூசியைப் பிடித்துக்கொண்டு பசைபோல் ஆகிவிடும். பின்சக்கரம் எப்போதும் கூடுதல் கறுப்பாக இருப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

மூன்றாவது, தார். வெயிலில் இளகிய சாலையிலிருந்தும், புதிதாக ஒட்டுப்போட்ட இடத்திலிருந்தும் புள்ளி புள்ளியாக ஒட்டும்.

நான்காவது, இரும்புத் துகள். பிரேக் பிடிக்கும்போது பேடும் டிஸ்க்கும் தேய்ந்து, சூடான நுண்துகள்களாகப் பறந்து பெயின்ட்டில் பதிகின்றன. பின்னர் அவை துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகளாகின்றன. பீன்யாவில் லேத், கிரைண்டிங் பட்டறைகள் நிறைய. பட்டறை வாசலில் நிற்கும் வண்டிக்கு அங்கிருந்து பறக்கும் இரும்புப் பொடியும் சேரும்.

ஆசிட் ஏன் வேண்டாம்?

அலாய் வீல் என்பது அலுமினியக் கலவை. அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாக உருவாகும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். பி.எச். அளவு சுமார் 4 முதல் 8.5 வரை இருந்தால் அந்தப் படலம் நிலைத்திருக்கும். அதற்குக் கீழேயும் மேலேயும் கரையத் தொடங்கும்.

கழிப்பறை கிளீனர்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அடைப்பு நீக்கும் பொடிகளில் காஸ்டிக் சோடா இருக்கிறது. ஒன்று ஒரு கோடி, மற்றது மறு கோடி. இரண்டுமே அலுமினியத்தை அரிக்கும். ஸ்போக் வீல் வைத்திருப்பவர்களும் தப்ப முடியாது. குரோம் பூச்சில் உள்ள நுண்துளைகள் வழியாக அமிலம் இறங்கினால், உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும்.

எந்த அழுக்குக்கு எது?

தூசி, சேறு: வாகன ஷாம்பு, மென்மையான பிரஷ்.

செயின் கிரீஸ், தார்: துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது டீகிரீசர். தார்ப் புள்ளி மேல் துணியைச் சில நிமிடம் வைத்திருந்தால் இளகும். துடைத்தபின் ஷாம்புத் தண்ணீரால் கழுவுங்கள். பெட்ரோல் வேண்டாம், எளிதில் தீப்பிடிக்கும், செயினுக்குள் இருக்கும் ரப்பர் வளையங்களையும் கெடுக்கும்.

பழுப்பு இரும்புப் புள்ளி: 'அயர்ன் ரிமூவர்' என்று கடைகளில் கிடைக்கும் திரவம். இதில் இருக்கும் தயோகிளைகோலேட் இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாக மாறும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பயப்பட வேண்டாம். சக்கரம் ஆறிய பிறகு, கையுறை போட்டுக்கொண்டு, திறந்த இடத்தில் பயன்படுத்துங்கள். காய்வதற்குள் கழுவிவிடுங்கள்.

எமரி பேப்பர், ஸ்டீல் ஸ்க்ரப்பர் இரண்டையும் தொடாதீர்கள். கீறல் விழுந்த இடத்தில் அடுத்த அழுக்கு இன்னும் கெட்டியாக உட்காரும்.

எவ்வளவு தண்ணீர் தேவை?

நிமிடத்துக்கு 10 லிட்டர் வரும் குழாயை 10 நிமிடம் திறந்துவிட்டால் 100 லிட்டர் காலி. சக்கரம் இரண்டுக்கும் அரை பக்கெட் ஷாம்புத் தண்ணீர், ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் போதும்.

பெங்களூருவில் இது சட்டப் பிரச்சினையும்கூட. கடும் தட்டுப்பாடு நிலவிய 2024 மார்ச்சில், வாகனம் கழுவக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று பெங்களூரு குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். 2025 பிப்ரவரியிலும் இதே தடை அறிவிக்கப்பட்டது. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, மேட்டுக்கு பம்ப் செய்து கொண்டுவரப்படும் காவிரித் தண்ணீர் அது.

போர்வெல் தண்ணீர் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. அதிலுள்ள உப்பு, காய்ந்தபின் வெள்ளைத் திட்டாக நிற்கும். ஈரம் காயும் முன்பே துணியால் துடைத்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டிய இடங்கள்

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கியரில் ஓடவிட்டு, சுற்றும் சக்கரத்திலும் செயினிலும் துணியை வைத்துத் துடைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். துணி செயினில் சிக்கினால் ஸ்ப்ராக்கெட் விரலையும் சேர்த்து இழுக்கும். கையை எடுக்க நேரம் இருக்காது. இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள்.

டிஸ்க்கிலும் டயர் தரையில் படும் பகுதியிலும் எண்ணெய், பாலிஷ், டயர் ஷைனர் எதுவும் படக் கூடாது. பிரேக் பிடிக்காது, வளைவில் வழுக்கும். டிஸ்க்கைத் துடைக்க பிரேக் கிளீனர் மட்டும். ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் டிஸ்க்குக்கு அருகே பல் வைத்த வளையமும் சென்சாரும் இருக்கும். அங்கே கம்பி பிரஷ் போடாதீர்கள். வீல் பேரிங் இருக்கும் நடுப்பகுதியில் பிரஷர் வாஷரை நேராக அடிக்காதீர்கள்.

கழுவி முடித்ததும் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துப் பார்த்த பிறகே சாலைக்குப் போங்கள்.

கழுவியும் திரும்ப வந்தால்?

முன்சக்கரத்தில் ஒரே பக்கம் மட்டும் எண்ணெய்ப் பிசுபிசுப்பு திரும்பத் திரும்ப வருகிறதா? ஃபோர்க் சீல் கசியலாம், காலிப்பரிலிருந்து பிரேக் ஆயிலும் ஒழுகலாம். அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

நகத்தால் சுரண்டினால் சொரசொரப்பாக, வெள்ளைப் பொடி உதிர்கிறது என்றால் அது அழுக்கே இல்லை, அரிப்பு. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பழைய பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். விரிசலோ வளைவோ இருந்தால் பூச்சை நம்பாதீர்கள், வீலையே மாற்றுங்கள்.