கதிர்வீச்சுக்குப் பின் தோன்றும் மார்பக ஆஞ்சியோசார்க்கோமா

மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற இடத்தில், பல ஆண்டுகள் கழித்து, இரத்த நாளங்களின் உட்புறச் செல்களிலிருந்து எழும் அரிய புற்றுநோய். பழைய கட்டி திரும்பி வருவதாகாது. இது வேறொரு நோய். கதிர்வீச்சு பெற்றவர்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கே வருகிறது. அந்தச் சிகிச்சை காக்கும் உயிர்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண். ஆகவே இந்த நோய்க்கு அஞ்சிக் கதிர்வீச்சை மறுப்பதற்கு நியாயமில்லை.

1948இல் ‘கேன்சர்’ இதழின் முதல் தொகுதியில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. வில்லியம் கேஹன் குழுவினரின் கட்டுரை, கதிர்பட்ட எலும்பில் சார்க்கோமா என்னும் புற்றுநோய் தோன்றிய 11 பேரைப் பற்றியது. ஒரு கட்டியைக் கதிர்வீச்சின் விளைவு என்று சொல்ல, அது கதிர்பட்ட பகுதியிலேயே தோன்ற வேண்டும், இடையே நீண்ட காலம் கழிந்திருக்க வேண்டும், திசு வகையில் முதல் நோயிலிருந்து வேறுபட வேண்டும் என்ற அளவுகோல்கள் அதிலிருந்தே வந்தன. மற்றொன்றில் ஃபிரெட் ஸ்டூவர்ட்டும் நார்மன் ட்ரீவ்ஸும், மார்பகத்தை அகற்றியபின் நெடுநாள் வீங்கிக் கிடந்த கையில் ஆஞ்சியோசார்க்கோமா வகைக் கட்டி வந்த 6 பேரை விவரித்தனர். கையில் வரும் இந்த நோயையும் கதிர்வீச்சால் மார்பகத்தில் வரும் நோயையும் குழப்பிக்கொள்வோர் உண்டு. ஸ்டூவர்ட்–ட்ரீவ்ஸ் நோய்க்குக் காரணம் நிணநீர்த் தேக்கம். கதிர்வீச்சே பெறாத கையிலும் அது வரும்.

மிலானில் 1973இலும் அமெரிக்காவில் 1976இலும் தொடங்கிய ஆய்வுகள், மார்பகப் புற்றுநோயில் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு தருவதே பலருக்குப் போதும் என்று காட்டின. மார்பகத்தைக் காக்கும் இந்த முறை பரவிய பின், முன்பு கையில் பேசப்பட்ட ஆஞ்சியோசார்க்கோமா, கதிர்பட்ட மார்பகத் தோலில் அதிகம் காணப்படலாயிற்று.

கதிர்வீச்சுக்குப் பின் பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுகளுக்குள் இந்த நோய் வெளிப்படுகிறது. தொடக்கத்தில், எங்கோ இடித்துக்கொண்டு கன்றிப்போனதுபோல் ஊதா அல்லது சிவப்புத் திட்டு தெரியும்; பெரும்பாலும் வலி இருக்காது. நோய் நழுவிப்போவது இங்கேதான். அடிபட்ட கன்றல் இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகி மறையும், இது மறையாது, பரவும். மேமோகிராமில் பல நேரம் எதுவும் தெரிவதில்லை. தோலில் சிறு துண்டு எடுத்துப் பயாப்சி செய்தால்தான் உறுதியாகும். கதிர்பட்ட தோலில் வரும் தீங்கற்ற நாள மாற்றங்களும் இதைப்போலவே தோன்றுவதால், 8ஆம் குரோமோசோமில் உள்ள ‘மிக்’ மரபணு பெருகியுள்ளதா என்றும் பார்க்கிறார்கள். தீங்கற்றவற்றில் அது பெருகுவதில்லை.

கதிர்பட்ட தோலோடு மார்பகத்தை அகலமாக அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டியும் நோய் பரவியிருக்கும் என்பதால், அதே இடத்தில் திரும்பி வருவது மிகுதி. பரவிய நோய்க்கு பேக்லிடேக்சல் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன.