லிம்போமாவிலிருந்து மீண்டவர்களின் மகப்பேறும் சேய்நலமும்

1. சிக்கல்

ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் 15 முதல் 35 வயதுக்குள் மிகுதியாக வருவது. கல்யாணமும் பிள்ளைப்பேறும் கூடிவரும் வயதும் அதுவே. பெரும்பாலோர் குணமாகிவிடுகின்றனர். பிறகு வீட்டார் கேட்பதெல்லாம் குழந்தையைப் பற்றியே. தாயின் இதயத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்கவேண்டியது அதுதான் என்பதே என் கருத்து.

2. கருவுறும் திறன்

1960களில் அமெரிக்காவில் உருவான எம்.ஓ.பி.பி. மருந்துக்கூட்டு நோயைத் தீர்த்தது. அதிலிருந்த புரோகார்பசின் போன்றவை கருமுட்டைகளையும் அழித்தன. 1970களில் மிலான் நகரில் போனடோனா குழுவினர் வகுத்த ஏ.பி.வி.டி. முறையில் சூலகத்துக்குச் சேதம் மிகக் குறைவு. வீரியம் கூட்டிய பீகாப் முறையிலோ, குறிப்பாக 30 வயதைக் கடந்தவர்களுக்கு, மாதவிலக்கே நின்றுவிடக்கூடும். ஆகவே கீமோவுக்கு முன்பே கருமுட்டை சேமிப்பதைப் பற்றிப் பேசிவிட வேண்டும். 1997இல் பெல்ஜியத்தில் இந்நோய் கண்ட ஒரு பெண்ணின் சூலகத் திசுவை எடுத்து உறையவைத்தார்கள். 2003இல் அதை அவர் உடலிலேயே திரும்பப் பொருத்தினார் மருத்துவர் டோனெஸ். அடுத்த ஆண்டு 3.72 கிலோ எடையில் பெண் குழந்தை பிறந்தது. உறைந்த சூலகத் திசுவை மறுபடி பொருத்திக் கிடைத்த முதல் பிள்ளைப்பேறாக அது அறிவிக்கப்பட்டது.

3. கர்ப்பம் நோயைத் தூண்டுமா?

ஸ்வீடனில் 1992–2009 காலத்தில் நோய் கண்ட 449 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். நோய் திரும்பிய 47 பேரில் கர்ப்பத்தோடு தொடர்புடையதாகக் கணக்கிடப்பட்டது ஒருவருடையதே.

4. தாயின் உடல்

ஏ.பி.வி.டி. ஆறு சுற்று முடித்தவர் உடலில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு 300 மில்லிகிராம் டாக்ஸோரூபிசின் ஏறியிருக்கும். அது இதயத் தசையை நலிவிக்கும் மருந்து. மார்பில் கதிர்வீச்சும் பெற்றிருந்தால் ஆபத்து கூடும். கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவே 40 விழுக்காட்டுக்கு மேல் பெருகுகிறது. அதுவரை அமைதியாயிருந்த பலவீனம் அப்போது மூச்சுத்திணறலாக வெளிப்படலாம். ‘மாசமாயிருந்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும்’ என்று விட்டுவிடுவது கொடுமை. கருத்தரிக்கும் முன்பே இதய எக்கோ எடுக்க வேண்டும். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவருக்குத் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு சுரப்பு தேவை என்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனையும் கட்டாயம்.

5. சேய்

புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் பிள்ளைகளிடம் பிறவிக் குறைகள் கூடியிருப்பதாகப் பெரும்பாலான பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. கருப்பையில் கதிர்வீச்சு பட்டிருந்தால் குறைமாதப் பிறப்பும் எடைக்குறைவும் கூடுகின்றன. கதிர்வீச்சு பெற்ற மார்பில் பால் குறைவாகச் சுரக்கலாம். அது தாயின் குற்றமன்று, மற்ற மார்பில் பாலூட்டலாம்.

மீண்டு வந்த சகோதரிகளே, எந்த மருந்து, எவ்வளவு, கதிர்வீச்சு எங்கே என்றிருக்கும் பழைய சிகிச்சைக் கோப்பை முதல் மாதச் செக்கப்புக்கே கையில் எடுத்துச் செல்லுங்கள்.