படம் வந்த ஆண்டு



வரலாற்றாசிரியர்கள் காலத்தைக் கணக்கிடுவதற்கு அரசர்களின் ஆட்சியாண்டைக் கொள்வர். போரையும் பஞ்சத்தையும் கொள்வர். நமது மலையகத் தோட்டங்களிலே முதியவர்கள் கைக்கொண்ட ஆண்டுக் கணக்கோ வேறொன்று. "மூத்தவன் எப்போது பிறந்தான்?" என்று கேட்டால், "நாடோடி மன்னன் வந்த வருசம்" என்பார்கள். "பெரிய மண்சரிவு எப்போது?" என்றால், "பாசமலர் ஓடுறப்போ" என்று விடை வரும். இதனைப் பேதைமையென்று எண்ணிச் சிரித்துவிட்டுப் போவது எளிது. அந்தக் கணக்கு எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும், அதற்கு மதிப்பில்லாமற் போனதால் ஒரு மக்கட் கூட்டம் எதனை இழந்தது என்பதையும் இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

நான் வாழும் கெலிஓயா, பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வழியில், மகாவலி கங்கைக்கு அண்மையில் அமைந்த சிறு நகரம். இதற்குத் தொலைவில்லாத கடலாதெனிய விகாரை 1344ஆம் ஆண்டில் கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பியின் தலைமையில் எழுந்தது. கடல் கடந்து வந்து இம்மலைகளிலே உழைத்தவர்களின் வரிசை அத்துணை நீளமானது. அந்தச் சிற்பியின் பெயரைக் கல்வெட்டுக் காத்துத் தந்தது. 19ஆம் நூற்றாண்டில் முதலிற் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் வந்த இலட்சக்கணக்கான மக்களுக்கோ கல்லும் இல்லை, ஏடும் இல்லை. 1867ஆம் ஆண்டிலே கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1874இல் இருப்புப்பாதை கெலிஓயாவையும் கம்பளையையும் கடந்து நாவலப்பிட்டியை எட்டியது. அப்பாதை வழியே தேயிலைப் பெட்டிகள் இறங்கின. அரிசி மூட்டைகள் ஏறின. காலம் வந்தபோது படப்பெட்டிகளும் ஏறின.

தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் திரையிடப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழிந்து, 1936இல், 'சதி லீலாவதி' வெளிவந்தது. ஆனந்த விகடனில் எஸ். எஸ். வாசன் எழுதிய தொடர்கதையே அதற்கு அடிப்படை. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். சென்னையில் செல்வமாய் வாழ்ந்த ஒருவன் தீய நட்பாலும் மதுவாலும் கெடுகிறான்; நண்பனைக் கொன்றுவிட்டதாக எண்ணி அஞ்சி ஓடுகிறான். அவன் ஓடி ஒளிந்த இடம் எது தெரியுமா? இலங்கையின் தேயிலைத் தோட்டம்! அங்கே கூலியாகத் துன்புறுகிறான். பின்னர்ப் புதையலொன்று கண்ணிற்பட, நிலை உயர்ந்து தாயகம் திரும்புகிறான். மனைவி லீலாவதியோ இராட்டை சுற்றி வயிறு வளர்த்துக் காத்திருக்கிறாள். எம். கே. ராதா கதாநாயகன்; என். எஸ். கிருஷ்ணனும் நடித்த அப்படமே டி. எஸ். பாலையாவுக்கு முதற்படம். காவல்துறை அதிகாரியாகச் சிறு வேடம் ஏற்ற 19 வயது இளைஞர் ஒருவருக்கும் அதுவே முதற்படம். அவர்தாம் எம். ஜி. இராமச்சந்திரன்.

எம். ஜி. ஆர். 1917ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் நாவலப்பிட்டியிற் பிறந்தவர் என்றே அவர் வரலாற்றை எழுதியோரிற் பலர் கூறுவர். தந்தை இறந்தபின், சிறு குழந்தையாகத் தாயோடு கடல் கடந்தவர் அவர். மலைநாட்டிற் பிறந்து அகன்ற பிள்ளை முதன்முதலாகத் திரையிலே தோன்றியபோது, கதை மீண்டும் மலைநாட்டுக்கே வந்து சேர்ந்த ஒற்றுமை வியப்புக்குரியது. தோட்டத் தொழிலாளரின் துன்பத்தைத் தமிழ்த் திரை காட்டியதும் அப்படத்திலேதான்.

கலைகளின் போக்குவரத்து ஒருவழிப் பாதையன்று. முதற் சிங்களப் பேசும்படமாகிய 'கடவுனு பொறொந்துவ' 1947ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் கொழும்பிலே திரையிடப்பட்டது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் உருவானதோ மதுரையில். ஆகவே இவ்விரு கரைகளுக்குமிடையே படமும் பாட்டும் தங்கு தடையின்றிச் சென்று வந்தன. மனிதர் சென்று வருவதற்கோ தடைகள் எழலாயின.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கித்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது. 1946ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன், மணமானவராயின் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவராயின் பத்து ஆண்டுகளும் இந்நாட்டிலே தொடர்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்பது நிபந்தனை. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. இறுதியிற் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. தோட்டத்து லயத்திலே பிறந்து, பிரட்டுக்களத்திலே பெயர் கொடுத்து, கொழுந்து பறித்தே முதுமையெய்தியவர்களிடம் பத்திரம் ஏது? அவர்களிடம் இருந்தது நினைவு ஒன்றே.

அந்த நினைவின் திறத்தை நான் அறிந்தது ஒரு வார இறுதியிலே. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சனிக்கிழமை நண்பகலிற் கெலிஓயாவிலே புகையிரதம் ஏறி, நாவலப்பிட்டிக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றில் வாழும் என் அத்தையைக் காணக் குடும்பத்தோடு சென்றிருந்தேன். மறுநாட் காலையிலே தொலைக்காட்சியிற் பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்று ஓடிற்று. அத்தை திரைக்கு முதுகு காட்டி அமர்ந்து வல்லாரைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பார்க்கவில்லையா அத்தை?" என்றேன். "கேட்டாலே போதும் ராசா, படம் கண்ணுல ஓடும்" என்றார். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டுப் பழகிய தலைமுறையல்லவா!

பேச்சு என் அப்பாயியை, அதாவது தந்தையின் தாயாரைப் பற்றித் திரும்பிற்று. அக்காலத்திலே குடும்பம் கெலிஓயாவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் இருந்தது. அத்தை சொன்னார்: "அப்பாயி கல்யாணமாகி இருந்த புதுசுல கம்பளையில சதி லீலாவதி பாத்தாங்களாம். ராசாவுக்குக் கிரீடம் வைக்கிறாங்கன்னு துரை பங்களாவுல மிட்டாய் குடுத்த மாசமாம் அது. பொறகு கண்டிக்கு நடந்தே போய் ஹரிதாஸ் பாத்தாங்க. பேராதனைத் தோட்டத்துக்கிட்ட வழி நெடுக வெள்ளக்காரச் சிப்பாய் லொறியாம். எங்க பெரியண்ணன் அப்ப அஞ்சு மாசம் வயித்துல."

நேயர்களே, இச்சொற்களை ஒரு சரித்திர மாணவன் எவ்வாறு சோதிப்பான் என்று பாருங்கள். மன்னர் ஆறாம் ஜார்ஜ் முடிசூடியது 1937ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள். 'சதி லீலாவதி' அதற்கு முந்திய ஆண்டிலே வெளிவந்தது. சென்னையிலே வெளிவந்த படம் மலைநாட்டு நகரங்களை அடைய மாதங்கள் ஆகும். எனவே கணக்குப் பொருந்துகிறது. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்தது. மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்திலே 1944 ஏப்ரலில் அமைந்து, 1945இன் இறுதியிலே சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது. ஆகவே அப்பாயி 'ஹரிதாஸ்' பார்த்த நாள் இந்த எல்லைக்குள் அடங்கவேண்டும். எழுத்தறியாத ஒரு பெண்மணி 1937இலும் இங்கே இருந்தார், 1945ஐ ஒட்டியும் இங்கே இருந்தார் என்பதற்கு இரண்டு படங்களும், ஒரு முடிசூட்டு விழாவும், ஒரு படைத் தலைமையகமும் சான்று கூறுகின்றன. சட்டம் கேட்ட ஏழு ஆண்டின் இரு முனைகளும் அதில் அடங்கிவிட்டன!

நினைவு பிழைபடாது என்று நான் வாதிக்க வரவில்லை. தனித்த நினைவு தடுமாறும். அதற்குத் துணையாக வேறொரு நிகழ்ச்சி நிற்கும்போது அது வலுப்பெறும். ஆனால் என் பாட்டனாரின் விண்ணப்பத்தைப் பார்த்தவர்கள் கேட்டது தாள் ஒன்றே. தாள் இல்லை, விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. 1974இல் அந்த எஞ்சியோரையும் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. 'ஹரிதாஸ்' பார்த்தபோது வயிற்றிலிருந்த பெரியப்பா, தலைமன்னாரிலே கப்பலேறி நீலகிரிக்குப் போனார். கணவருக்குக் குடியுரிமை கிட்டியதால் அத்தை இங்கேயே தங்கினார்.

அன்று மாலை அத்தை தம் றங்குப் பெட்டியைத் திறந்து பெரியப்பாவின் கடிதங்களைக் காட்டினார். நலம் விசாரித்த இரண்டு வரிக்குப் பின் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு படத்தின் பெயர். "இங்கே வந்துவிட்டது, அங்கே வந்ததும் எழுது, அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மறுபடி போய்ப் பார்க்கிறேன்." உடன்பிறந்த இருவர் இரு நாடுகளிலே, ஒரே நாளில், ஒரே படத்தின் முன் அமர்ந்திருந்தார்கள். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து, இறக்குமதியும் அதன் கைக்கு வந்தபின், தமிழ்நாட்டுப் படங்களின் வரவு சுருங்கியது. அப்போது அவர்களுக்குக் கை கொடுத்தது வானொலி. இலங்கை வானொலியின் தமிழ்ப் பாடல்களைத் தென்னிந்தியாவும் விரும்பிக் கேட்ட காலம் அது. கோத்தகிரியிலே பெரியப்பா கேட்ட பாட்டை அதே நிமிடத்திலே நாவலப்பிட்டியில் அத்தையும் கேட்டார். கடவுச்சீட்டுக் கேளாத பயணம் அது ஒன்றுதான்.

'சதி லீலாவதி'யைப் பற்றி அப்பாயி கூறியதாக அத்தை ஒரு செய்தி சொன்னார். படத்திலே கூலியாய் வந்தவனுக்குப் புதையல் கிடைத்ததைக் கண்டு, "நாமளும் இத்தனை வருசமா இந்த மண்ணத்தானே வெட்டுறோம்!" என்று அப்பாயி சிரித்தாராம். மிகச் சிறந்த திரை விமர்சனம் இது என்பேன். தோட்டத்து வாழ்வைத் தோட்டத்திலிருந்தே காணும் படம் வருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1960களின் தொடக்கத்தில் 'தோட்டக்காரி' வந்தது. 1975இல் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' வந்தது. அவை சிலவே. எஞ்சிய கதைகள் இன்னும் மனிதரின் நாவிலேதான் இருக்கின்றன.

2003ஆம் ஆண்டின் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கிற்று. பத்திரத்துக்காக நினைவைத் தேடவேண்டிய தேவை இன்று பெரும்பாலும் இல்லை. ஆயின் வரலாற்றுக்காகத் தேடவேண்டிய தேவை முன்னினும் மிகுந்துள்ளது. 'ஹரிதாஸ்' பார்த்தவர்கள் ஏறக்குறைய மறைந்தே போயினர். 'பாசமலர்' பார்த்தவர்கள் நம் வீட்டுத் திண்ணைகளிலே இருக்கிறார்கள்.

பாடசாலை அதிபர் என்ற முறையில் ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறேன். வார இறுதியிலே உறவினரைக் காணச் செல்லும்போது பழங்களோடு ஒரு குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பாட்டியிடம் "எந்த ஆண்டு பிறந்தீர்கள்?" என்று கேளாதீர்கள், அவர் தயங்குவார். "முதன்முதலிற் பார்த்த படம் எது? எந்த ஊரிற் பார்த்தீர்கள்? யாரோடு சென்றீர்கள்? அவர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேளுங்கள். அந்த நான்காவது கேள்விக்கு வரும் விடையை மட்டும் ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். நமது மலையகத்தின் வரலாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.